ரூத்தை ஆராயும் மாணவி எந்த நாட்டுக்குப் போக வேண்டும்?

இறையியல் கல்லூரி ஒன்றில் முதுநிலைப் படிப்பின் இறுதி ஆண்டை எட்டியிருக்கும் மாணவி ஒருவர் ரூத்தின் புத்தகத்தைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். வேதாகம நிலங்களுள் ஒன்றுக்குப் போய்ப் படித்துவர அவருடைய சபையாரும் குடும்பத்தாரும் சேர்ந்து பணம் திரட்டித் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு பயணத்துக்கான பணம். ஏப்ரல், மே விடுமுறையில் மூன்று வாரம். எங்கே போகலாம் என்று அவர் கேட்டபோது எருசலேம் என்ற பெயர்தான் முதலில் என் நாவில் வந்தது. ஆயினும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். நானும் மாணவனாக இருந்த காலத்தில் அதிகம் யோசிக்காமல் ஒரு பயணத்துக்குப் பெயர் கொடுத்து, பத்தே நாளில் மூன்று நாடுகளைப் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திரும்பியவன். அந்தப் பயணம் என் ஜெபத்துக்கு உதவியது, படிப்புக்கு உதவவில்லை. ஆகையால், அவருக்கு முன்னால் இருக்கும் வாய்ப்புகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது எவருக்குப் பொருந்தும் என்று எழுதித் தருவதாகச் சொன்னேன்.

ஒப்பிடுவதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். வேதாகமத்தை எழுதியவர்கள் தங்கள் வாசகர் அறிந்திருப்பார்கள் என்று எண்ணிச் சொல்லாமல் விட்டவை பல உண்டு: ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு, பாதையின் ஏற்ற இறக்கம், தண்ணீர் கிடைக்கும் இடம், மழை பெய்யும் பக்கம், அறுவடையின் மாதம். இவற்றை நமக்குக் கற்றுத் தருவது நிலம் மட்டுமே. நல்ல சமாரியன் உவமையில் கிரேக்க மூலம், அந்த மனிதன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ‘இறங்கிப் போனான்’ என்கிறது. நம்முடைய பழைய தமிழ்த் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) அது ‘போகையில்’ என்ற அளவில் நிற்கிறது. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டரிலும், எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டரிலும் இருக்கின்றன. இடையில் உள்ள தொலைவு 25 கிலோமீட்டர் அளவே. அந்த வறண்ட சரிவில் ஒரு மணி நேரம் நடந்தவருக்கு, அங்கே குற்றுயிராய்க் கிடப்பது என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: மாணவர் ஆராயும் பகுதி எழுதாமல் விட்டதை அவர் போகும் நிலம் எந்த அளவுக்கு எடுத்துச் சொல்லும்? செலவு, பாதுகாப்பு, நாட்கள் ஆகியவை அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

தமிழ்நாட்டில் இருந்து போகிறவருக்கு மிக எளிதாகக் கைக்கெட்டுவது குழுவாகச் செல்லும் புனிதப் பயணம். ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து ஆகிய மூன்றையும் பத்து நாள் அளவில் சுற்றிக் காட்டி, விசா, தங்குமிடம், உணவு, வழிகாட்டி எல்லாவற்றையும் அமைப்பாளரே பார்த்துக்கொள்வார். தமிழ்நாடு அரசும் எருசலேம் புனிதப் பயணத்துக்கு மானியம் அளித்து வந்திருக்கிறது, தொடக்கத்தில் ரூ. 20,000 ஆக இருந்த தொகை பின்னர் ரூ. 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு ரூ. 60,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. முதல் முறையாக வெளிநாடு செல்பவருக்கும், வயதான பெற்றோரை உடன் அழைத்துச் செல்பவருக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நம் சபைகளில் பலர் வாழ்நாள் முழுவதும் சேமித்துச் செல்லும் பயணம் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் படிப்புக்காகப் போகிறவருக்கு அதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, எந்த இடத்திலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. ஐம்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஒரு கல்வெட்டின் முன் நின்று குறிப்பெடுத்தால் மற்றவர்கள் வெயிலில் காத்திருக்க வேண்டும். மற்றொன்று, பயணத் திட்டம் ஆலயங்களைச் சுற்றியே அமைந்திருக்கும். ஆலயத்துக்கும் ஆலயத்துக்கும் இடையில் இருக்கும் நிலம், அதாவது மாணவர் பார்க்க வேண்டிய பொருள், தூங்கும் நேரமாகக் கழிந்துவிடும். என் வகுப்புத் தோழர் ஒருவரும் நானும் எரிகோ சாலையை அப்படித்தான் தூங்கிக் கடந்தோம்.

அடுத்தது எருசலேமில் தங்கிப் படிப்பது. இதற்கென்றே நீண்ட மரபுள்ள நிறுவனங்கள் அந்நகரில் இருக்கின்றன. தொமினிக்கன் துறவியர் 1890இல் தொடங்கிய எக்கோல் பிப்ளிக், பிரான்சிஸ்கன் சபையாரின் வேதாகமக் கல்வி நிறுவனம், 1957இல் தொடங்கப்பட்டு இப்போது சீயோன் மலையில் இயங்கும் ஜெருசலேம் யூனிவர்சிட்டி காலேஜ், ஆங்கிலிக்கன் சபையின் செயின்ட் ஜார்ஜ் கல்லூரி, பெத்லகேம் சாலையில் உள்ள தந்தூர் நிறுவனம் என்று கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் இடம் உண்டு. அவற்றுள் சில, இரண்டு மூன்று வாரக் குறும்பாடங்களை நடத்தி வந்திருக்கின்றன. காலையில் வரைபடத்தோடு வகுப்பு, பகலில் அதே இடத்துக்கு நடை, மாலையில் நூலகம் என்னும் முறை, ஒரு மாணவர் ஓராண்டில் வகுப்பறையில் பெறாததைச் சில வாரங்களில் தந்துவிடும்.

எருசலேமில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது கல்லறை ஆலயத்தை அல்ல, யூதாவின் ராஜாவான எசேக்கியாவின் சுரங்கத்தைத்தான். கீகோன் ஊற்றின் நீரை நகரத்துக்குள் கொண்டுவரக் கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட 533 மீட்டர் நீளப் பாதை அது. முழங்கால் அளவு தண்ணீரில், கையில் விளக்கோடு அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இன்றும் நடக்கலாம். இரு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்த செய்தியை அவர்களே எபிரெய எழுத்தில் பொறித்துவைத்தார்கள். 1880இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசீரிய ராஜா சனகெரிபின் படையெடுப்பை இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தில் படிப்பது ஒரு வகை. முற்றுகைக்கு அஞ்சிய நகரம் தன் தண்ணீரை ஒளித்துவைத்த அந்தப் பாதையில் உளித் தடங்களைக் கையால் தடவிக்கொண்டு போவது வேறு வகை. இதற்கு நிகரான பாடம் வேறெந்த நாட்டிலும் கிடைக்காது என்றே நான் நினைக்கிறேன்.

கலிலேயாவும் அப்படித்தான். கப்பர்நகூமில் கருங்கல் அடித்தளத்தின் மேல் வெண்சுண்ணக் கல்லால் எழும்பி நிற்கும் ஜெப ஆலயம் இயேசுவின் காலத்துக்குப் பல தலைமுறை பிற்பட்டது என்பதை அங்கே நின்றுதான் மாணவர் உணர்கிறார். 1986இல் வறட்சியால் ஏரி வற்றியபோது சேற்றில் தென்பட்ட, எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள மரப் படகு, ஏறத்தாழ முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பன்னிரண்டு பேர் அதில் எப்படி நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள், புயலில் பின்புறத்தில் ஒருவர் எப்படிப் படுத்திருப்பார் என்பதைக் கண் அளந்து பார்க்கலாம். சுவிசேஷங்களில் ஆய்வு செய்பவருக்கு இந்த நாட்டை விட்டு வேறு வழி கிடையாது.

இத்தனை இருந்தும் இன்றைய நிலையில் எருசலேமை முதல் தேர்வாக வைக்க நான் தயங்குகிறேன். 2023 அக்டோபரில் தொடங்கிய போருக்குப் பிறகு அந்தத் தேசத்துக்கான பயணத் திட்டங்கள் எவையும் உறுதியாக இருந்ததில்லை. 2025 ஜூனில் ஈரானோடு மோதல் மூண்டபோது வான்வெளியே மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் வெளியேற வேண்டியிருந்தது. தம் சொந்தப் பணத்தில் போகிறவர் தேதியை மாற்றிக்கொள்ளலாம். சபையார் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் போகிறவர், கட்டணம் திரும்பக் கிடைக்காத நிலையை ஏற்க முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. அந்நாட்டுக்குப் படிக்கப் போகும் கிறிஸ்தவ மாணவர், பெத்லகேமிலும் பெயித் ஜாலாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் வீட்டில் உட்கார்ந்து பேசாமல் திரும்பக் கூடாது. சோதனைச் சாவடியையும் மதிலையும் கடந்து அவர்கள் படும் பாட்டைக் காணாதவர் அந்நிலத்தைப் பாதியே கண்டவர். அதற்கு நேரமும் அமைதியும் வேண்டும். அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்புவதற்கு உரிய இடம் அது அல்ல.

புதிய ஏற்பாட்டில் பவுலையும் வெளிப்படுத்தலையும் எடுத்துக்கொண்டவருக்குக் கதை முற்றிலும் வேறு. அவர் போக வேண்டிய நாடு துருக்கி. அதன் மேற்குக் கடற்கரை. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளும் அங்கேதான் இருக்கின்றன. எபேசுவிலிருந்து வடக்கே சிமிர்னா, பெர்கமு, பின் உள்நாட்டுக்குத் திரும்பித் தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று அந்தப் புத்தகம் பெயர்களைச் சொல்லும் வரிசை, ஒரு தூதன் கடிதங்களைச் சுமந்துகொண்டு போகக்கூடிய சாலையின் வரிசையாகவே இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டால் ஆறு நாளில் அந்த வட்டத்தைச் சுற்றி வரலாம். அச்சிட்ட வரிசைக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது என்பதை வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவே. வண்டியில் அந்தப் பாதையில் போனவர்கள் திரும்பி வந்து பேசும் விதமே வேறு.

லவோதிக்கேயாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சபை குளிரும் அல்லாமல் அனலும் அல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறது என்ற கண்டனத்தை நம் பிரசங்கங்களில் பக்தியின் சூட்டைப் பற்றியதாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த நகரத்தின் இடிபாடுகளில் நின்றால், பத்துக் கிலோமீட்டர் அளவு தொலைவில் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் படியவிட்ட வெள்ளைச் சுண்ணப் பாறை கண்ணுக்குத் தெரியும். அதுவே இன்றைய பாமுக்கலே. மறுபக்கத்தில், இன்னும் பெரும்பாலும் தோண்டப்படாத மேடாகக் கிடக்கும் கொலோசெ, மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீரோடைகளுக்கு அருகே இருக்கிறது. லவோதிக்கேயாவுக்கோ குழாய் வழியாகத் தூரத்திலிருந்து தண்ணீர் வந்தது. சுண்ணம் படிந்து துளை குறுகிப்போன கற்குழாய்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. வெந்நீர் நோய்க்கு உதவும், குளிர்நீர் தாகத்துக்கு உதவும், இது எதற்கும் உதவாது என்று வாக்கியத்தைப் படிக்கலாம் என ஆய்வாளர் பலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை மாணவர் அந்தக் குழாய்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

துருக்கியில் ஒரு கவனம் வேண்டும். எபேசுவில் கண்ணைக் கவரும் பல கட்டடங்கள் பவுல் அங்கே இருந்த காலத்துக்குப் பிந்தியவை. எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் செல்சஸ் நூலகம் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது; பவுல் அதைப் பார்த்திருக்க முடியாது. ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம்கூட இன்று காணும் அளவில் பின்னாளில் விரிவாக்கப்பட்டதே. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தின் கூச்சல் எழுந்த இடம் அதுவே. தியானாள் கோயிலில் மிஞ்சியிருப்பது ஒற்றைத் தூண். துறைமுகம் வண்டல் படிந்து மூடிப்போய், கடல் இப்போது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எது எந்த நூற்றாண்டு என்று முன்கூட்டியே படித்துவிட்டுப் போகாதவருக்கு அந்த இடத்தின் அழகே தவறான பாடத்தைக் கற்பித்துவிடும்.

துருக்கியோடு கிரேக்கத்தையும் சேர்க்க நினைப்பவர்கள் உண்டு. மூன்று வாரம் இருந்தால் சேர்க்கலாம். இரண்டு வாரம் என்றால் வேண்டாம். கிரேக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது பவுலின் காலக்கணக்கை நிலைநிறுத்தும் ஒரு கல்வெட்டு. அகாயா நாட்டில் அதிபதியாக இருந்த கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் வருகிறது. அதைக் கொண்டே அவன் கொரிந்துவில் பதவியில் இருந்தது 51, 52ஆம் ஆண்டுகளை ஒட்டி எனக் கணிக்கிறார்கள், பவுலின் மற்றத் தேதிகளும் அதைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. கொரிந்துவில் நியாயாசனத்தின் மேடையும், பிலிப்பியில் எக்னாத்தியப் பெருஞ்சாலையின் கற்களும் காணக் கிடைக்கின்றன. விசாவைப் பொறுத்தவரை, கிரேக்கத்துக்கான ஷெங்கன் விசாவை முதலில் பெற்றுவிட்ட இந்தியர் துருக்கிக்கு இணையவழி விசா பெறும் வசதி இருந்துவருகிறது. இரண்டையும் சேர்க்கிறவர்கள் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தியோகியாவைச் சேர்க்க விரும்புகிறவர், 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இன்றைய அந்தாக்கியா நகரம் பெரும் அழிவுக்கு உள்ளானதை நினைவில் கொள்ள வேண்டும். துயரத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஊரை நம் பாடத்துக்காகத் தொந்தரவு செய்வது முறையல்ல.

எகிப்தை யாத்திராகமத்துக்காகத் தேர்வு செய்பவர் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புவார். இஸ்ரவேலர் எகிப்தில் வாழ்ந்ததற்கு நேரடிச் சான்றாக விரல் நீட்டிக் காட்டத்தக்க இடம் என்று ஒன்றும் இல்லை. 1896இல் தீப்ஸில் கண்டெடுக்கப்பட்ட மெர்நெப்தா கல்வெட்டு, இஸ்ரவேல் என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய எகிப்திய ஆவணமாகக் கருதப்படுகிறது. ஆனால் அது அந்த மக்களைக் கானான் தேசத்தில்தான் காட்டுகிறது. மாறாக, திருச்சபை வரலாற்றையும் வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளையும் படிப்பவருக்கு எகிப்து ஒரு சுரங்கம். ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசன் கட்டுவித்த சீனாய் புனித கத்தரீன் மடம் இன்றும் வழிபாடு நிற்காத மடமாக இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் திஷெண்டார்ஃப் 1844இல் அங்கேதான் வேதாகமத்தின் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதியான சீனாய்ப் பிரதியின் முதல் தாள்களைக் கண்டார். அதன் பெரும்பகுதி இப்போது லண்டனில் இருக்கிறது. 1975இல் அதே மடத்தில் மேலும் சில தாள்கள் வெளிப்பட்டன. பிரதி ஆய்வில் இறங்கியிருக்கும் மாணவருக்குச் சொல்வேன்: தயங்காமல் எகிப்துக்குப் போங்கள்.

பாபிலோன், நினிவே, ஊர் ஆகியவை ஈராக்கில் இருக்கின்றன. தனியாகப் போகும் மாணவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் அரும்பொருள்கள் பலவும் ஐரோப்பாவில் இருப்பதால், அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகங்களே ஒரு படிப்புப் பயணம். லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் யூதாவின் நகரமான லாகீசின் முற்றுகையைச் செதுக்கிய சனகெரிபின் சுவர்ச் சிற்பங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணமும் இல்லை. பெர்லினில் உள்ள பெர்கமோன் அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக 2023 அக்டோபரில் முழுவதுமாக மூடப்பட்டது. எனவே அங்குள்ள பாபிலோனின் இஷ்தார் வாயிலைப் பார்க்கப் போகிறவர் திறப்பை உறுதி செய்துகொண்டு பயணச்சீட்டு வாங்க வேண்டும். ஆனால் அருங்காட்சியகம் பொருளைக் காட்டும், நிலத்தைக் காட்டாது. நான் முன்பு வைத்த அளவுகோலால் பார்த்தால் அது எப்போதும் துணைதான்.

இனி ஜோர்டான். நம் ஊர்ப் பயணத் திட்டங்களில் இந்நாடு ஒரு வாசற்படியாக மட்டுமே வருகிறது: விமானத்திலிருந்து இறங்கி, நேபோ மலையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பெட்ராவைப் பார்த்துவிட்டு எல்லையைக் கடப்பார்கள். எனக்கு அது நெடுநாளாக வருத்தம் தரும் செய்தி. அம்மோன், மோவாப், ஏதோம், கீலேயாத் ஆகிய நான்கும் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. அர்னோன் ஆறு வாதி முஜிப் என்ற பெயரிலும், யாக்கோபு இரவெல்லாம் போராடிய யாப்போக்கு சர்க்கா என்ற பெயரிலும் இன்றும் ஓடுகின்றன. இஸ்ரவேலர் போக அனுமதி கேட்ட ராஜபாதையை ஒட்டியே வடக்கு தெற்காக இன்றைய சாலையும் போகிறது. பழைய ஏற்பாட்டில் அண்டை நாட்டாராக, பகைவராக, உறவினராக வருகிறவர்களின் பக்கமிருந்து கதையைப் பார்க்க இங்கேதான் முடியும்.

ரூத்தின் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். பெத்லகேமில் பஞ்சம் உண்டாகி, எலிமெலேக்கு குடும்பத்தோடு மோவாப் தேசத்துக்குப் போனான் என்று கதை தொடங்குகிறது. நம் திருப்புதல் ‘தேசம்’ என்று சொல்லும் இடத்தில் எபிரெய மூலம் மோவாபின் வயல்வெளிகள் என்கிறது. வரைபடத்தில் மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது. சவக்கடலுக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் பாலைவனம் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று யூதேயா மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடியும் மோவாப் மேட்டில் ஏறும்போது எஞ்சிய ஈரத்தை அங்கே மழையாகத் தருகிறது. ஆகையால் மாதபாவிலிருந்து கேராக் வரை உள்ள மேட்டுநிலம் பழங்காலம் தொட்டுக் கோதுமையும் வாற்கோதுமையும் விளையும் பூமி. பெத்லகேம் என்ற பெயருக்கே அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த வீட்டில் அப்பம் இல்லாமல் எதிரே தெரியும் நீல மலைகளுக்குப் போனார்கள் என்று அறியும்போது முதல் வசனமே புதிதாகக் கேட்கிறது.

திரும்பி வந்த வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் பாதையில் எலிமெலேக்கின் மனைவி நகோமியும் அவள் மருமகளான ரூத்தும் வந்தார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. சவக்கடலின் வடக்கே சுற்றினாலும் தெற்கே சுற்றினாலும், மோவாப் மேட்டிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி, உலகத்திலேயே தாழ்ந்த நிலப்பரப்பைக் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 775 மீட்டரில் இருக்கும் பெத்லகேமுக்கு மறுபடியும் ஏற வேண்டும். விதவைகளான இரண்டு பெண்கள், ஒருத்தி வயது சென்றவள், துணைக்கு ஆண் இல்லை. ‘நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன்’ என்னும் கருத்தில் ரூத் சொன்ன வாக்கை நாம் திருமண ஆராதனைகளில் மென்மையாக வாசிக்கிறோம். கேராக் கோட்டையின் மேற்குச் சுவரில் நின்று கீழே மின்னும் சவக்கடலைப் பார்த்தவர் அந்த வாக்கின் எடையை வேறு விதமாக உணர்வார்.

கல்வெட்டுச் சான்றும் இந்தப் பக்கத்தில் குறைவல்ல. பழைய தீபோனில், அதாவது இன்றைய தீபானில், 1868இல் ஒரு மிஷனரியின் கண்ணில் பட்ட மேசாவின் கல்வெட்டு, இரண்டாம் ராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் வரும் மோவாபிய ராஜா தன் வாயாலேயே பேசும் ஆவணம். இஸ்ரவேலின் ராஜாவான உம்ரியின் பெயரும், கர்த்தரின் திருப்பெயரும், மோவாபியரின் தெய்வமான காமோசின் பெயரும் அதில் இருக்கின்றன. மோவாபியரின் மொழி எபிரெயத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதும் அதனால் தெரிகிறது. நகோமியும் மருமகள்களும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மூலக் கல் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது நின்ற மேட்டையும், அது பேசும் அர்னோன் பள்ளத்தாக்கையும் பாரிஸுக்குக் கொண்டுபோக முடியாது.

தங்குவதற்கு நான் சொல்லும் ஊர் மாதபா. கேராக்கிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகலாம். அவர்கள் பழைய ஆலயத்தின் இடிபாட்டின் மேல் புதிய ஆலயம் எழுப்பிய காலத்தில்தான், ஆறாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மொசைக் வரைபடம் உலகத்துக்குத் தெரியவந்தது. வேதாகம நிலத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய நிலப்படம் அது. கிழக்குத் திசை மேலே வரும்படி அமைந்த அதில், தூண் வரிசைத் தெருவோடு எருசலேம் நகரம் தெளிவாகத் தெரிகிறது. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடமாக நம் பழைய திருப்புதலில் உள்ள பெத்தாபரா என்ற பெயரும் அந்த வரைபடத்தில் யோர்தான் அருகே கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்ட ஒரு பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தரையில் கண்டபோது என் கண்கள் நிறைந்தன.

ஜோர்டானுக்கும் குறைகள் உண்டு. பொதுப் பேருந்துகள் ராஜபாதை நெடுகச் சீராக ஓடுவதில்லை. ஓட்டுநரோடு வண்டி அமர்த்தினால்தான் தீபானும் கேராக்கும் சாத்தியம், அதுவே செலவின் பெரும்பகுதியாகிவிடும். எருசலேமில் இருப்பதைப் போலக் குறும்பாடங்களை அள்ளித் தரும் நிறுவனங்கள் இங்கே அதிகம் இல்லை; அம்மானில் 1968 முதல் இயங்கும் அமெரிக்க ஆய்வு மையத்தின் நூலகமே ஆய்வாளருக்குப் பெரிய துணை. ஆகவே மாணவர் தம் பாடத்தைத் தாமே வகுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மாறாக, மூன்று இரவாவது தங்குவோருக்கு விசாக் கட்டணத்தை விலக்கி, பெட்ரா உட்படப் பல தொல்லிடங்களுக்கு அனுமதி தரும் ‘ஜோர்டான் பாஸ்’ என்னும் சீட்டைப் புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கிக்கொண்டால் ஓரளவு மிச்சம் பிடிக்கலாம். அண்டை நாட்டின் போர் இங்கும் வான்வெளியை அவ்வப்போது பாதித்ததுண்டு என்பதால், வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் புறப்படும் வாரத்திலும் பார்த்துவிட வேண்டும்.

என் மாணவிக்கு நான் எழுதிக் கொடுத்த பதில் ஜோர்டான். சுவிசேஷங்களை ஆராய்பவராக இருந்தால், பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அமைதி வரும்வரை காத்திருந்து எருசலேமுக்குப் போகச் சொல்லியிருப்பேன். வெளிப்படுத்தலை எடுத்திருந்தால் நாளைக்கே இஸ்மீருக்கு, அதாவது பழைய சிமிர்னாவுக்கு, சீட்டு எடுக்கச் சொல்லியிருப்பேன். ரூத் மோவாபிலிருந்து வந்தவள் என்பதே அந்தப் புத்தகத்தின் உயிர் என்னும்போது, அவளுடைய ஊரைப் பார்க்காமல், பெத்லகேமில் அவள் கதிர் பொறுக்கிய போவாசின் வயலை மட்டும் பார்ப்பது அரைப் படிப்பு. அவருடைய விடுமுறையும் இதற்குப் பொருந்தி வருகிறது. நகோமியும் ரூத்தும் பெத்லகேமுக்கு வந்தது வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில்; அது ஏப்ரல், மே மாதங்களின் காலம்.

அவர் இப்போது நாட்களைப் பிரித்து வைத்திருக்கிறார். முதல் நான்கு நாள் அம்மானில் நூலகமும் அருங்காட்சியகமும். பின் பத்து நாள் மாதபாவில் தங்கி தீபான், அர்னோன், கேராக் ஆகிய இடங்களுக்கு. பெட்ராவுக்கு ஒரு நாள் மட்டும். எஞ்சிய நாட்களில், யோர்தான் பாலம் திறந்திருந்து சூழ்நிலை இடம் கொடுத்தால், கடந்துபோய் பெத்லகேமில் ஒரு குடும்பத்தோடு மூன்று இரவு தங்குவது. இடம் கொடுக்காவிட்டால், அந்த மூன்று மாலைகளிலும் நேபோ மலையில் நின்று, வானம் தெளிந்திருக்கும்போது மேற்கே தெரியும் யூதேயா மலைகளைப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறார்.